யார்டைவிட்டு வெளியே வந்த பிறகு

சென்னை சென்ட்ரலுக்கு ரயில்வே கணக்கில் இன்றும் எம்.ஏ.எஸ். என்றுதான் பெயர். மெட்ராஸின் மிச்சம் அது. 1996-இல் ஊர் சென்னை ஆயிற்று. 2019-இல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டினார்கள், பலகையும் நீண்டது. அந்த மூன்றெழுத்து மட்டும் இம்மியும் நகரவில்லை. எங்கள் அரக்கோணம் சந்திப்புக்கு ஏ.ஜே.ஜே. ஜே எதற்கு இரண்டு என்று சீசன் டிக்கெட் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், திருவள்ளூர் வருவதற்குள் நாலு விளக்கம் கிடைக்கும்.

ஊர்ப் பெயரையே மாற்றியவர்கள் குறியீட்டை ஏன் தொடவில்லை? சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, அதில் ஐம்பது வருஷமாக வீட்டுச் சாவியெல்லாம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணியைப் பிடுங்கி அரையடி தள்ளி அடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் இருட்டில் கை பழக்கத்தில் பழைய இடத்துக்குத்தான் போகும். டிக்கெட், கால அட்டவணை, சரக்குச் சீட்டு, முன்பதிவுக் கணினி என எல்லாமே அந்த மூன்றெழுத்தில் தொங்குகின்றன. பெயர் மனிதர்களுக்கு. குறியீடு ஆணி.

பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் இந்த ஆணியை வேறு பெயரில் தினமும் சந்திக்கிறார்கள். அதில் அகராதி என்றொரு அமைப்பு உண்டு. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய தகவலைச் சட்டென்று எடுத்துத் தரும். பத்து லட்சம் பதிவுகள் இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தேடாது. சாவியின் உள்ளடக்கத்தை அரைத்து ஓர் எண் செய்கிறது. அதை ஹாஷ் என்பார்கள். அந்த எண்ணை வைத்து எந்தத் தட்டில் பொருள் இருக்கிறது என்று நேரே போய்க் கை வைக்கிறது. அரக்கோணத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை (13.08, 79.67) என்று ஒரு ஜோடியாக்கிச் சாவியாகக் கொடுக்கலாம். நாளைக்கு யாரோ அந்த ஜோடிக்குள் புகுந்து 79.67-ஐ 79.61 என்று மாற்றிவிட்டால் ஹாஷ் எண் மாறிவிடும். பொருள் பழைய தட்டில் இருக்கும், தேடுகிறவர் வேறு தட்டில் தடவுவார். எதுவும் தொலையவில்லை, ஆனால் எதுவும் கிடைக்காது. நிரல் செத்து விழுந்தால்கூடப் பரவாயில்லை, இந்த மாதிரிப் பிழை மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் பைத்தானில் இரண்டு வகை வரிசைகள் இருக்கின்றன. லிஸ்ட் என்பது சேர்க்கலாம், கழற்றலாம், நடுவில் செருகலாம் என்ற தாராளம். ட்யூப்பிள் என்பது ஒருமுறை செய்தால் செய்ததுதான். லிஸ்டை அகராதிக்குச் சாவியாகக் கொடுத்தால் மொழியே மறுத்துவிடும். ட்யூப்பிளை வாங்கிக்கொள்ளும். இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற செய்திதான்.

எனக்கு உறுத்தியது வேறு. நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தான், சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழிக்கு மாறாதது என்ற ஒன்று கிடையாது. அதன் கண்ணுக்கு நினைவகம் முழுதும் பைட்டுகளின் நீண்ட வரிசை. முகவரி தெரிந்தால் எதையும் எப்போதும் மாற்றலாம். ‘கான்ஸ்ட்’ என்று எழுதுவதுகூட கம்பைலரிடம் கொடுக்கும் வாக்குறுதிதான், வேண்டுமானால் அதையும் மீறிக்கொண்டு போகலாம். இப்படிப்பட்ட ஈரக் களிமண்ணில் கருங்கல் படி கட்டுவது எப்படி? பைத்தான் தன் உள்வேலைகளை சி மொழிக்காரர்களுக்குத் திறந்து வைத்திருக்கும் இடைமுகம் ஒன்று இருக்கிறது. அதன் வழியே நாமே ஒரு மாறாத வரிசை வகையைச் செய்து பார்த்தால் புரிந்துவிடும் என்று இறங்கினேன்.

செய்து பார்க்க ஒரு பொருள் வேண்டுமே. ரேணிகுண்டா மார்க்கத்தில் இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் திருத்தணி. மலைக்கு 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பது ஐதீகம். டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழா. படிக்குப் படி கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போவதற்குப் பதில் தணிகைத் துரையைப் பாருங்கள் என்று இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்பார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. மாநிலம் மாறியது, படிக் கணக்கு மாறவில்லை. மாறாத வரிசைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எங்கே போய்த் தேட? இன்றைய தேதியைக் கொடுத்தால் இன்றைக்குரிய படியைத் தரும் ஒரு சின்ன விளையாட்டு நிரல். அதுதான் திட்டம்.

முதலில் பைத்தானின் சொந்த ட்யூப்பிள் நினைவகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். 64-பிட் கணினியில், பைத்தான் 3.12 பதிப்பில், தலைப்பகுதி 24 பைட். அதில் மூன்று சங்கதிகள்: இந்தப் பொருளை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு, இது எந்த வகை, நீளம் எவ்வளவு. பிறகு உறுப்புக்கு 8 பைட் வீதம் முகவரிகள் வரிசையாக. 365 படிக்கு 2920. எல்லாவற்றுக்கும் முன்னால், வேண்டாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றுகிற குப்பை அள்ளுகிறவருக்காக 16 பைட். மொத்தம் 2960. ஒரே துண்டு நிலம், வீடும் வாசலும் சேர்ந்தே.

அதே 365-ஐ லிஸ்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 3256 பைட் ஆகிறது. காரணம், லிஸ்ட் எதிர்காலத்தை நினைத்து இடம் பிடித்து வைக்கும். முதலில் 4 இடம், நிரம்பினால் 8, பிறகு 16, 24, 32, 40, 52 என்று வளர்ந்துகொண்டே போகும். 365 உறுப்பு சேரும்போது 400 இடம் கைவசம் இருக்கும், 35 காலி. வளர்கிற வீட்டுக்கு மாடியில் கம்பியை நீட்டிவிட்டுக் கட்டுவதைப் போல. ட்யூப்பிளுக்குக் கம்பி நீட்ட வேண்டிய அவசியமில்லை, வளரப்போவதில்லை என்று பிறக்கும்போதே தெரியும்.

இனி, மாற்றத்தை எப்படித் தடுக்கிறார்கள்? ஒவ்வொரு வகைக்கும் சி மொழியில் ஓர் அட்டவணை உண்டு. வரிசை மாதிரி நடந்துகொள்ள விரும்பும் வகை, அதில் சில கட்டங்களை நிரப்ப வேண்டும். நீளம் கேட்டால் எந்தச் செயல்கூறை அழைப்பது, இத்தனையாவது உறுப்பைக் கேட்டால் எதை, இரண்டு வரிசையை ஒட்டச் சொன்னால் எதை, ஓர் உறுப்பை மாற்றச் சொன்னால் எதை. லிஸ்ட் கடைசிக் கட்டத்தில் ஒரு செயல்கூறின் முகவரியை எழுதி வைத்திருக்கிறது. ட்யூப்பிள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறது. அவ்வளவே. நீங்கள் உறுப்பை மாற்ற முயன்றால் பைத்தான் அட்டவணையைப் பார்க்கும், கட்டம் காலி, ‘டைப் எரர்’ என்று கையை விரிக்கும். பூட்டிய கதவென்றால் சாவி எங்காவது இருக்கும். இங்கே வாசலே விடாமல் சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

என் படி வகைக்கு நீளத்துக்கும் உறுப்புக்கும் மட்டும் செயல்கூறு எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு கட்டம் நிரப்பியதற்குக் கிடைத்த பலன் அதிகம். ‘ஃபார்’ சுற்று தானாக ஓடியது: நான் தனியாக எதுவும் எழுதாமலே 0, 1, 2 என்று கேட்டுக்கொண்டே போய், ‘இண்டெக்ஸ் எரர்’ வந்ததும் நின்றது. ஓர் உறுப்பு உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் வந்தது. −1 என்று கேட்டால் என் செயல்கூறுக்கு அந்த −1 வந்து சேரவே இல்லை. நீளம் தெரிந்திருப்பதால் பைத்தான் வழியிலேயே 365-ஐக் கூட்டி 364 ஆக்கி அனுப்பிவிடுகிறது. மலைமேலிருந்து இறங்கும்போது முதலில் கால் வைக்கிற படி அது.

ஆனால் ஒரு வாசலை நான் திறந்தே வைத்திருந்தேன், அது தெரியவே இரண்டு நாளாயிற்று. பைத்தானில் ஒரு பொருள் பிறப்பதற்கு இரண்டு நிலைகள். ‘நியூ’ என்பது இடம் பிடித்துப் பொருளை உண்டாக்குகிறது. ‘இனிட்’ என்பது அதற்குள் சாமான்களை அடுக்குகிறது. நான் பழக்கதோஷத்தில் படிகளை அடுக்கும் வேலையை இனிட்டில் வைத்திருந்தேன். இனிட்டை யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி கூப்பிடலாம். பொருள் செய்து முடித்து, அகராதியில் சாவியாகத் தொங்கவிட்ட பிறகும், ஒரே வரியில் இனிட்டை மறுபடி அழைத்து உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றிவிட முடிந்தது. முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்த கதை. மாறாத வகைகளுக்கு எல்லா அடுக்கலையும் நியூவிலேயே முடித்துவிட வேண்டும் என்று பைத்தான் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. ஆவணத்தை முதலில் படிக்கிற ஜாதி நான் இல்லை.

இங்கே ஒரு முரண் தலைநீட்டுகிறது. நியூவுக்குள்ளாவது யாரோ ஒருவர் படிகளை ஒவ்வொன்றாக வைத்துத்தானே ஆக வேண்டும்? அதாவது, மாறாத பொருளை அந்த நேரத்தில் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஆமாம். இதற்கு விடை எங்கள் ஊர் யார்டில் இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, அந்தத் தடம் இந்த ஊர் வழியேதான் போகிறது. இன்று சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நாலு திசைக்கும் தண்டவாளம் பிரிகிறது. இப்படியொரு சந்திப்பில் வளர்ந்தவர்களுக்கு ஷண்டிங் பார்ப்பது சின்ன வயதுப் பொழுதுபோக்கு. எஞ்சின் முன்னும் பின்னும் போய் வரும், பாயிண்ட் மாறும், கப்ளிங் மாட்டுவார்கள், பொட்டியைக் கழற்றுவார்கள், வேறு தடத்தில் தள்ளுவார்கள். யார்டுக்குள் ரேக் என்பது வெறும் களிமண். ஆனால் அதே ரேக் பிளாட்பாரத்துக்கு வந்து, எஸ்-4 எங்கே நிற்கும் என்று பலகையில் காட்டி, ஜனங்கள் மூட்டையோடு அந்த இடத்தில் போய் நின்ற பிறகு, நாலாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றுகிற வேலை நடக்காது. பொட்டி பழுதானால் கழற்றுவார்கள், அது விபத்துக் கணக்கு. மற்றபடி மாற்றக் கூடாததற்குக் காரணம் இரும்பிலோ கப்ளிங்கிலோ இல்லை. பிறர் பார்த்துவிட்டார்கள், அதை நம்பி நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

ட்யூப்பிளுக்கும் யார்டு உண்டு. அதன் வேலி, தலைப்பகுதியில் முதலில் இருக்கிற அந்தப் பிடிக் கணக்கு. புதிதாகச் செய்த ட்யூப்பிளின் கணக்கு 1. செய்தவர் கையில் மட்டுமே இருக்கிறது, வெளியுலகம் பார்க்கவில்லை. அப்போது ‘செட் ஐட்டம்’ என்ற செயல்கூறால் காலி இடங்களை நிரப்பலாம், நிரப்பியதைக்கூட மாற்றலாம். அந்தச் செயல்கூறு முதல் வேலையாகக் கணக்கைப் பார்க்கிறது. 1 இல்லையென்றால் ‘சிஸ்டம் எரர்’ என்று திருப்பி அனுப்பிவிடும். ட்யூப்பிளின் நீளத்தையே கூட்டிக் குறைக்கும் செயல்கூறும் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே நிபந்தனை. ஆக, மாறாமை என்பது பொருளின் உடம்பில் இல்லை. அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு, சென்ட்ரலுக்குப் போகும் வழியில் வியாசர்பாடியில் நிற்கிற ரயில்கூட எரிச்சல் தரவில்லை.

இதே ‘செட் ஐட்டம்’ எனக்குக் கொடுத்த பாடம் ஒன்று தனி. கொடுக்கிற உறுப்பின் பிடியை அது ‘திருடிக்கொள்ளும்’ என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது. உண்மையாகவே அந்தச் சொல்தான். பார்சலை கார்டிடம் ஒப்படைத்த பின் பொறுப்பு அவருடையது. நீங்கள் வந்து மறுபடி அதை இறக்கக் கூடாது. வேலை தோற்றுப்போனாலும் பிடி அதனுடையதுதான், திரும்பி வராது. மற்ற பல செயல்கூறுகள் இப்படிச் செய்வதில்லை, பிடியை நாமே விட வேண்டும். நான் எல்லா இடத்திலும் விடுகிற பழக்கத்தில் இங்கேயும் விட்டுத் தொலைத்தேன். 1 முதல் 365 வரை எண்களை வைத்துச் சோதித்தபோது, முதல் 256 படிகள் கச்சிதம். 257-இலிருந்து குப்பை. ஒருமுறை மேலே இருந்த எல்லாப் படியும் ஒரே எண்ணைக் காட்டியது. இன்னொரு முறை நிரலே உயிரைவிட்டது.

256-இல் என்ன விசேஷம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். −5 முதல் 256 வரையான முழு எண்களைப் பைத்தான் முதலிலேயே செய்து வைத்துக்கொள்கிறது. எத்தனை பேர் கேட்டாலும் அதே பொருள்தான் கிடைக்கும். 3.12 பதிப்பில் இவை சாகாவரம் வாங்கியவை, பிடியை எத்தனை முறை விட்டாலும் கணக்கு குறையாது. 257-இலிருந்து ஒவ்வொன்றும் புதுசாகப் பிறக்கிறது. பிடி ஒன்றுதான். ட்யூப்பிள் அதை எடுத்துக்கொண்ட பிறகு நான் மறுபடி விட்டதும் கணக்கு பூஜ்யமாகி, பொருள் செத்து, அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. ட்யூப்பிளிடம் மிஞ்சியது காலி மனையின் முகவரி. எல்லாப் படியும் ஒரே எண்ணைக் காட்டிய மர்மம் இதுதான்: ஒரே மனையில் அடுத்தடுத்துக் குடிவந்தவர்கள். சின்ன எண்களில் மட்டும் சோதித்திருந்தால் ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று நான் ஊருக்கே சொல்லியிருப்பேன்.

யார்டு விதியைப் பைத்தானே எவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது என்பதற்கு ‘ஜிப்’ நல்ல சாட்சி. இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜோடி ஜோடியாகத் தருவது அதன் வேலை. நிலையக் குறியீடுகள் ஒரு பக்கம், தூரங்கள் ஒரு பக்கம். பத்து லட்சம் ஜோடி என்றால் பத்து லட்சம் ட்யூப்பிள் செய்ய வேண்டும்தானே? செய்வதில்லை. ஒரு ஜோடியைக் கொடுத்து, நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டால், அடுத்த முறை ஜிப் பிடிக் கணக்கைப் பார்க்கும். 1 என்றால் தன்னைத் தவிர யாரும் பிடித்திருக்கவில்லை என்று அர்த்தம். அதே ட்யூப்பிளின் வயிற்றைக் காலி செய்து, புது ஜோடியை வைத்து மறுபடி கொடுத்துவிடும். மாறாத பொருளை மாற்றிவிட்டதே என்று குற்றம் சொல்ல ஒருவரும் சாட்சி இல்லை. நீங்கள் பழைய ஜோடியை எங்காவது பத்திரப்படுத்தியிருந்தால் கணக்கு 2, உடனே நல்ல பிள்ளையாகப் புதிது செய்யும். முதல் தடவை இதன் சி வரிகளைப் படித்தபோது கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்துவிட்டேன்.

செத்த ட்யூப்பிள்களையும் வீணாக்குவதில்லை. ஏறக்குறைய 20 உறுப்பு வரை உள்ளவற்றை, நீளத்துக்கு 2000 வீதம், காலி ரேக் மாதிரி லூப் லைனில் நிறுத்தி வைத்து அடுத்த தேவைக்கு எடுத்துக்கொள்கிறது.

யார்டு வேலியில் ஓட்டை இல்லாமல் இல்லை. குப்பை அள்ளும் பகுதியிடம் இந்தப் பொருளை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. சமயம் பார்த்துக் கேட்டால், இன்னும் கட்டி முடியாத ட்யூப்பிளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த மாத்திரத்தில் பிடிக் கணக்கு 2. உள்ளே கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த படியை வைக்கப் போனால் ‘சிஸ்டம் எரர்’. ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் எட்டிப் பார்க்காதீர்கள் என்று பலகை வைப்பதைப் போல.

மாறாமையால் விளைகிற ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. லிஸ்ட் தன்னையே தனக்குள் உறுப்பாக வைத்துக்கொள்ளலாம்: முதலில் காலி லிஸ்ட், பிறகு அதற்குள் அதையே சேர். இப்படிப்பட்ட வட்டங்களால்தான் பிடிக் கணக்கு மட்டும் போதாமல் குப்பை அள்ள ஒரு தனி ஆள் தேவைப்படுகிறார். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெளியே யாருக்கும் வேண்டாதவர்களாக, கணக்கு பூஜ்யமாகாமல் கிடப்பார்கள். ட்யூப்பிளால் இது முடியாது. செய்து முடித்த நொடியில் அதன் உறுப்புகள் எல்லாம் தீர்மானமாகிவிட்டன. அப்படியானால் அந்த உறுப்புகள் அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். ட்யூப்பிள் தன்னைவிட மூத்தவர்களை மட்டுமே பிடிக்கும். மூத்தவரின் மூத்தவர், அவருக்கும் மூத்தவர் என்று போனால் மேலே மேலேதான் போகலாம், சுற்றிக்கொண்டு திரும்பி வர வழியில்லை. ஆகவே வெறும் ட்யூப்பிள்களால் மட்டும் ஆன வட்டம் சாத்தியமே இல்லை. இதை நம்பித்தான், வட்டத்தை அறுப்பதற்கென்று, வட்டத்தில் சிக்கக்கூடிய வகைகள் எழுத வேண்டிய ‘கிளியர்’ கட்டத்தை ட்யூப்பிள் காலியாக விட்டிருக்கிறது. இன்னொரு காலிக் கட்டம். வட்டத்தில் லிஸ்ட் மாதிரி மாறக்கூடிய பொருள் ஒன்றாவது இருந்தே தீரும், அறுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வம்சாவளியை வைத்து நினைவக மேலாண்மை செய்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். அப்பா தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியாது.

ஆனால் மாறாதது என்பதை ரொம்ப நீட்டியும் புரிந்துகொள்ளக் கூடாது. பொட்டிகளின் வரிசைதான் நிலையானது. பொட்டிக்குள் ஆள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ட்யூப்பிளில் இருப்பவை முகவரிகள்தான் என்பதால், அதற்குள் ஒரு லிஸ்டை வைத்தால் அந்த லிஸ்ட் வளரும், சுருங்கும், ட்யூப்பிள் அதைக் கண்டுகொள்ளாது. அத்தகைய ட்யூப்பிளுக்கு ஹாஷ் கேட்டால் மட்டும், உள்ளே இருக்கிற லிஸ்ட் கையை விரிக்க, ட்யூப்பிளும் விரிக்கும்.

இதில் நேர்முகத்தேர்வுகளில் கேட்கிற விஷமக் கேள்வி ஒன்று. ட்யூப்பிளின் முதல் உறுப்பு ஒரு லிஸ்ட். ‘+=’ போட்டு அந்த உறுப்பில் ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? பிழை வருமா, சேருமா? இரண்டும் நடக்கும். ‘+=’ என்பது உள்ளுக்குள் இரண்டு வேலை. லிஸ்டிடம் சேர்த்துக்கொள் என்று சொல்வது ஒன்று, வந்த விடையை மறுபடி ட்யூப்பிளின் அதே இடத்தில் வைப்பது இன்னொன்று. முதலாவது நடந்து முடிந்த பிறகுதான் இரண்டாவதில் அந்தக் காலிக் கட்டம் குறுக்கிடுகிறது. ஆள் பொட்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று, அதன் பிறகு வந்து ‘ஏறக் கூடாது’ என்கிறார்கள். இது மொழியின் குறையா, குணமா என்று நண்பர்கள் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால் குறைதான். ஆனால் இதைச் சரிசெய்யப் போனால் வேறு பத்து இடத்தில் விரிசல் விடும்.

எழுத்துச் சரங்களும் மாறாத வரிசைகள்தாம், தமிழ்க்காரர்களுக்கு அதில் தனி ஆதாயம் இருக்கிறது. 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல், ஒரு சரத்தில் இருக்கிற மிகப் பெரிய குறியெண்ணைப் பார்த்து, எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று அகலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு 1 போதும். தமிழ் யூனிகோடுக்கு 2. நடுவில் ஒரு சிரிப்புப் பொம்மை வந்தால் சரம் முழுதும் 4. சரம் மாறாது என்பதால்தான் இந்தத் தேர்வைப் பிறக்கும்போது ஒரே முறை செய்து நிம்மதியாக இருக்க முடிகிறது. மாறக்கூடியதாக இருந்திருந்தால், ஒவ்வொரு எழுத்தைச் செருகும்போதும் முழுச் சரத்தையும் விரித்து அடுக்க வேண்டி வரலாம். ஹாஷ் எண்ணையும் ஒருமுறை கணக்கிட்டுச் சரத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் மாறாது என்ற தைரியத்தில்தான். ‘அரக்கோணம்’ என்று கொடுத்து நீளம் கேட்டால் மட்டும் 9 என்று வரும். நம் கணக்கில் ஆறெழுத்து. புள்ளியையும் ஓகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. ‘திருத்தணி’க்கும் 9-தான், நமக்கு ஐந்து. மாறாத வரிசைதான், ஆனால் எதன் வரிசை என்பதில் எழுத்தாளருக்கும் கணினிக்கும் இன்னும் ஒப்பந்தம் ஏற்படவில்லை.

என் படி நிரல் ஒருவழியாக வேலை செய்தது. தேதியைக் கொடுத்தால், அது வருஷத்தின் எத்தனையாவது நாள் என்று பைத்தானின் நேர அமைப்பிடம் கேட்கும். அந்த அமைப்பும் சி மொழியில் செய்த மாறாத வரிசைதான், ட்யூப்பிளின் நேரடி வாரிசு. ஆண்டு, மாதம், நாள் என்று ஒன்பது உறுப்புகள் அதற்கு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியும் கேட்கலாம். நாள் எண்ணில் ஒன்றைக் கழித்து, சி வழக்கப்படி 0-இலிருந்து எண்ணி, படியைத் தரும். ஜனவரி 1-க்கு 0, டிசம்பர் 31-க்கு 364. மாதக்கணக்காகக் குறையில்லாமல் ஓடியது.

2024 டிசம்பர் 31. திருத்தணியில் படிக்குப் படி கற்பூரம் எரிகிற அதே நாளில் என் நிரல் ‘இண்டெக்ஸ் எரர்’ என்று விழுந்தது. அது லீப் வருஷம். நாள் எண் 366, கழித்தால் 365, என் வரிசையில் 364-க்கு மேல் படி இல்லை. லிஸ்டாக இருந்திருந்தால் யோசிக்காமல் ஒன்றைச் சேர்த்திருப்பேன். கோயிலில் யாரும் அந்த வருஷத்துக்கென்று ஒரு படி கூடுதலாகக் கட்டவில்லை, நானும் வரிசையைத் தொடவில்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் பிழையைப் பிடித்து, ‘சந்நிதி’ என்று அச்சிட வைத்தேன்.